தேவதாசிகளைக் காந்தியிடம் அழைத்துச் சென்ற சிறுமி

புதுதில்லி: 1921-இல் காந்தியடிகள் காக்கிநாடா வந்தபோது, தேவதாசிப் பெண்களும் அவரைச் சந்திக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் ஒரு பள்ளிச் சிறுமி. 5,000 ரூபாய் நிதி தந்தால் ஆகட்டும் என்றனர் அமைப்பாளர்கள். அப்பெண்களே திரட்டிக் கொடுத்தனர், சந்திப்பு நடந்தது.

அச்சிறுமி துர்காபாய் தேஷ்முக். 1909-இல் ராஜமுந்திரியில் பிறந்தவர். எட்டு வயதில் செய்துவைக்கப்பட்ட மணத்தை உதறி வெளியேறினார். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார்; சென்னையில் சட்டம் பயின்றார்; அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் உறுப்பினராக அமர்ந்தார். மனித வணிகத்தைத் தடை செய்யும் 23-ஆவது பிரிவு அச்சபை தந்ததாகும்.

1953-இல் மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவரானார். வாரியம் நியமித்த தன்வந்தி ராமராவ் குழு, விபசாரத்தில் சிக்கிய பெண்களின் நிலையை ஆராய்ந்தது. 1956-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. விடுதி நடத்துவோர், பெண்களின் வருவாயில் பிழைப்போர், ஆள்பிடிக்கும் தரகர்கள் ஆகியோருக்குச் சிறை என்றது சட்டம். விடுதியில் அடைபட்ட இளம்பெண்ணை மீட்டுக் காப்பகத்தில் சேர்க்க உத்தரவிடும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்குக் கிடைத்தது.

ஆனால், அதே சட்டத்தின் 8-ஆவது பிரிவு, பொது இடத்தில் அழைப்பு விடுத்தார் என்று பெண்ணையே கூண்டில் ஏற்றியது. தரகரைத் தேடிப் பிடிப்பதைவிடக் காவலர்களுக்கு இது எளிதாக இருந்ததில் வியப்பில்லை.

துர்காபாய் 1981-இல் மறைந்தார். 1986-இல் சட்டம் திருத்தப்பட்டுப் பெயரும் மாறியது. 8-ஆவது பிரிவு மட்டும் நீங்கவில்லை. அக்குற்றத்துக்கு ஆணுக்கு அதிகபட்சம் மூன்று மாதச் சிறை. பெண்ணுக்கோ முதல் முறையே ஆறு மாதம் வரை.