மேக்கின்டாஷுக்குப் பெயர் வைத்தவர்... யார் இந்த ஜெஃப் ரஸ்கின்?

மேக்கின்டாஷ் என்றதும் ஸ்டீவ் ஜாப்ஸ்தான் நினைவுக்கு வருவார். ஆனால், ஆப்பிளில் அந்த புராஜெக்டை 1979-ல் தொடங்கியவர் ஜெஃப் ரஸ்கின். 1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர். தனக்குப் பிடித்த ஆப்பிள் ரகத்தின் பெயரையே, ஸ்பெல்லிங்கை மட்டும் கொஞ்சம் மாற்றி, கம்ப்யூட்டருக்கு வைத்தார்.

கேப்ஸ் லாக் ஆனில் இருப்பது தெரியாம பாஸ்வேர்டு அடிச்சு திணறியிருக்கீங்களா? ஒரே பட்டன் ஒரு நேரம் ஒரு மாதிரி, இன்னொரு நேரம் வேற மாதிரி வேலை செய்வதைத்தான் ரஸ்கின் கடைசி வரை எதிர்த்தார். தப்பு யூஸர் மேல இல்ல, டிசைன் மேலதான் என்பது அவர் கட்சி.

1981-ல் ஜாப்ஸ் புராஜெக்டைக் கையில் எடுக்க, மோதல் முற்றியது. அடுத்த ஆண்டே ரஸ்கின் வெளியேறினார். 1984-ல் வெளிவந்த மேக்கில், அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காத மவுஸ் இருந்தது.

அவர் நினைத்தபடி வந்தது, 1987-ன் 'கேனான் கேட்'. மவுஸ் கிடையாது, ஐகான் கிடையாது. 'லீப்' கீயை அழுத்திக்கொண்டே தேடும் சொல்லை டைப் செய்தால், கர்சர் அங்கே தாவிவிடும். செம ஐடியாதான், சந்தையில் எடுபடவில்லை.

2005-ல், 61 வயதில், கணையப் புற்றுநோயால் மறைந்தார். மறு ஆண்டு, இன்று நம் போனில் முடிவே இல்லாமல் ஓடும் 'இன்ஃபினிட் ஸ்க்ரோலை' வடிவமைத்தவர் அவர் மகன் ஏஸா. அது மக்களின் நேரத்தை விழுங்குவதைப் பார்த்து, பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார்.