கடலடியில் கோவில் கண்ட காமிராக்காரர்

திருவண்ணாமலைக்காரர்களுக்கு மலையைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை. கண் விழித்தால் மலைதான் தெரியும். கார்த்திகை தீபத்தன்று அந்த மலை உச்சியில் ஜோதி எரியும்.

இலங்கையிலும் இப்படி ஒரு மலை உண்டு. அதுதான் திருகோணமலை. நம் ஊரில் மலையைச் சுற்றிக் கிரிவலப் பாதை. அங்கே கோணேசர் மலைக்கு மூன்று பக்கமும் கடல்! திருஞானசம்பந்தர் இரண்டு தலங்களையும் பாடியிருக்கிறார்.

திருகோணமலைக் கோவிலை 1620-களில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளினார்கள். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். எஞ்சிய தூண்களும் கற்களும் கடலில் விழுந்தன. முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் அவற்றை மீன்கள்தான் வலம் வந்தன.

அவற்றைத் தேடிக் கடலில் இறங்கியவர்களில் ஒருவர் வெள்ளைக்கார வாலிபர். கையில் காமிராவுடன் இறங்கினார். அவர்தான் மைக் வில்சன்.

நண்பரும் கடலும்

வில்சன் 1934-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். நீரில் மூழ்குவதிலும் படம் பிடிப்பதிலும் அவருக்கு அளவில்லாத ஆசை. அந்த ஆசை அவருக்கு ஒரு பெரிய நண்பரைத் தேடித் தந்தது. அவர் ஆர்தர் கிளார்க். விண்வெளிக் கதைகள் எழுதி உலகப் புகழ் பெற்றவர். வில்சனைவிடப் பதினேழு வயது மூத்தவர்.

1955-ம் ஆண்டு இருவரும் ஆஸ்திரேலியாவின் பவளப் பாறைகளிடையே மூழ்கினார்கள். மறு ஆண்டு இலங்கைக்கு வந்தார்கள். வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். கிளார்க் எழுதினார். வில்சன் படம் பிடித்தார்.

எப்படிப்பட்ட காமிரா வேண்டும்?

கடலுக்கு அடியில் படம் பிடிப்பது கல்யாண வீட்டில் படம் பிடிப்பது போல் அல்ல. அங்கே நான்கு எதிரிகள் இருக்கிறார்கள்.

முதல் எதிரி, நீரின் அழுத்தம். பத்து மீட்டர் ஆழத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல் நீர் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுடன் அழுத்தும். உள்ளங்கை அகலமுள்ள பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் நூறு கிலோ மூட்டை ஏறியது போல! ஆகவே காமிராவை உறுதியான பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டி எத்தனை மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது எதிரி, உப்புநீர். பெட்டியின் மூடியில் ரப்பர் வளையம் இருக்கும். அதில் ஒரு தலைமயிர் ஒட்டியிருந்தாலும் போதும், நீர் உள்ளே புகுந்துவிடும். அப்புறம் காமிரா குப்பைக்குத்தான்!

மூன்றாவது எதிரி, நிற மாற்றம். கடல்நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடும். கொஞ்ச ஆழம் போனாலே செக்கச் செவேலென்ற பவளமும் கறுத்துப் போய்த் தெரியும். கூடவே விளக்கு கொண்டு போனால்தான் உண்மை நிறம் வெளிப்படும்.

நான்காவது எதிரி, நம் கண்ணை ஏமாற்றும் நீர். நீருக்குள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், பக்கத்தில் இருப்பது போலவும் தோன்றும். ஆனால் நீர் கலங்கலாக இருந்தால் தூரத்தில் உள்ளது எதுவும் தெளிவாக விழாது. அதனால் அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸ் வேண்டும். பொருளுக்கு மிக அருகில் போய் எடுக்க வேண்டும்.

வில்சன் காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. பிலிம் தீர்ந்தால் கடலுக்கு அடியில் மாற்ற முடியாது. மேலே வந்துதான் ஆகவேண்டும். ஒவ்வொரு அடி பிலிமும் பொன் போன்றது.

கடலடியில் கோணேசர்

1956-ம் ஆண்டு. வில்சனும் கிளார்க்கும் கோணேசர் மலையடியில் மூழ்கினார்கள். அங்கே மனிதன் உளியால் செதுக்கிய கற்கள் கிடந்தன. கோவில் தூண்கள் கிடந்தன. செவிவழிச் செய்தியாக இருந்தது கண்முன் மெய்யாகிவிட்டது!

இந்த அனுபவங்களைக் கிளார்க் 1957-ல் வெளிவந்த நூலில் எழுதினார். வில்சன் கடலில் கண்டெடுத்த லிங்கம் கரை சேர்ந்தது. பழைய கோவிலின் சுயம்பு லிங்கம் அதுவே என்று பக்தர்கள் நம்புகிறார்கள். மலைமேல் புதிதாகக் கட்டிய கோவிலுக்கு 1963-ம் ஆண்டு கும்பாபிஷேகம் நடந்தது.

புதையல்!

இலங்கையின் தென்கிழக்குக் கடலில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. கப்பல்களுக்கு அது எமன். சிங்கள மக்கள் அதை இராவணன் கோட்டை என்று அழைக்கிறார்கள். அங்கே ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது.

1961 மார்ச் மாதம் வில்சன் அங்கே படம் பிடிக்கப் போனார். கூடவே இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் மூழ்கினார்கள். தேடிப் போனது படம். கிடைத்ததோ வெள்ளி! பழைய கப்பல் ஒன்றின் பீரங்கிகளும் வெள்ளிக் காசுகளும் பாறையிடையே கிடந்தன. மொகலாயச் சக்கரவர்த்தி அவுரங்கசீப் காலத்தில், 1702-ம் ஆண்டையொட்டி, சூரத்தில் அச்சடித்த ரூபாய்கள் அவை. 1963-ல் வில்சனும் கிளார்க்கும் மறுபடியும் அங்கே போய்ப் பல காசுகளை எடுத்து வந்தார்கள்.

வெள்ளித்திரையில்

1962-ம் ஆண்டு வில்சன் ஒரு சிங்களப் படத்தை டைரக்ட் செய்தார். படத்தின் பெயர் ரன்முத்து தூவ. பொன்னும் முத்தும் நிறைந்த தீவு என்று பொருள். காமினி பொன்சேகா கதாநாயகன். சிங்களத்தில் வண்ணத்தில் வந்த முதல் கதைப்படம் அதுதான். கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள், கொட்டகையில் உட்கார்ந்தபடியே அதன் அடிவயிற்றைப் பார்த்தார்கள்! வில்சனின் பெயர் இலங்கை முழுவதும் பரவியது.

காவி கட்டினார்

பணமும் புகழும் வந்த பிறகு மனிதர்கள் என்ன செய்வார்கள்? இன்னும் வேண்டும் என்பார்கள். வில்சன் அப்படிச் செய்யவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சினிமாவை விட்டார். உலக வாழ்க்கையை விட்டார். கதிர்காம முருகனைப் பற்றிக்கொண்டார். சுவாமி சிவ கல்கி என்று பெயர் பூண்டார். 1995-ம் ஆண்டு காலமானார்.

கடலடியில் எதைக் கண்டு அவர் மனம் மாறியது? அந்தக் கேள்விக்குக் காமிரா பதில் சொல்லாது.

இன்று காமிரா உள்ளங்கையில் அடங்கிவிட்டது. பிலிம் வேண்டாம். கல்லூரி மாணவர்கூட விடுமுறையில் கடலடியில் படம் பிடிக்கலாம். ஆனால் அழுத்தமும் உப்பும் மாறவில்லை. சிவப்பு நிறத்தை விழுங்கும் கடலின் குணமும் மாறவில்லை. முதலில் ஒழுங்காக மூழ்கக் கற்க வேண்டும். மூச்சும் உடம்பும் நிதானப்பட்ட பிறகுதான் காமிராவைக் கையில் எடுக்க வேண்டும். அவசரக்காரனுக்குக் கடல் கலங்கலைத்தான் காட்டும்.

பொறுமையாகப் பார்த்த ஒருவருக்கு அது ஒரு கோவிலையே காட்டியது.