வைத்தியர் மேரி இரட்ணம் அம்மையார் (1873–1962)

நமது பழைய மாணவியருள் வைத்தியர்கள் உள்ளனர். தாதியர், மருந்தாளர், குடும்பநல மாதர், ஆசிரியைகளும் உள்ளனர். இவர்கள் சேர்ந்து கற்று, சேர்ந்து உழைத்தாலே ஊர் நலம் பெறும் என்று இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அதை இக்கொழும்பு மாநகரிலே முன்னரே செய்து காட்டியவர் வைத்தியர் மேரி இரட்ணம் அம்மையார்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873ஆம் ஆண்டு பிறந்த மேரி ஹெலன் இர்வின், ரொறன்ரோவில் மருத்துவம் பயின்றார். பெண்கள் வைத்தியராவது அரிதாயிருந்த காலம் அது. மிஷன் வைத்தியராக 1896இல் இலங்கைக்கு வந்தார். ஆனால் அவர் தமிழரான எஸ். சி. கே. இரட்ணம் அவர்களைக் கைப்பிடித்திருந்தார். சுதேசி ஒருவரை மணந்த வெள்ளைக்காரப் பெண்ணை ஏற்க மிஷனுக்கு மனமில்லை. வேறொருவராயின் அடுத்த கப்பலிலே திரும்பியிருப்பார். அம்மையாரோ கொழும்பில் தங்கி, லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையில் பணியேற்றார்; பின்னர் சொந்தமாகவே வைத்தியம் பார்த்தார்.

தாயும் சேயும் நோயுறாதிருக்க மருந்து மட்டும் போதாது. குடிக்கும் நீர், உண்ணும் உணவு, வீட்டின் சுத்தம், தாயின் அறிவு யாவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. எனவே பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். பெண்களை ஒன்றுதிரட்டச் சங்கங்கள் அமைத்தார். 1909இல் அவர் முன்னின்று தொடங்கிய தமிழ் மகளிர் சங்கமே இன்று வெள்ளவத்தையில் கலாலயத்தை நடத்தி வருகிறது.

1927இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலும் அவர் முன்னின்றார். 1931இல் இலங்கைப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாக்களித்தனர்.

அவர் பணிகளுள் தலையாயது 1930இல் தோன்றிய லங்கா மஹிலா சமிதி. தம் பிறந்த நாட்டின் கிராமிய மகளிர் கழகங்களை முன்மாதிரியாகக் கொண்டு அதை அமைத்தார். பிள்ளை வளர்ப்பு, போசாக்கு, சுகாதாரம், வீட்டுத்தோட்டம், கைப்பணி எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. அறிந்தவர் சொல்ல, கிராமத்துப் பெண்களே அதைத் தம் அயலவருக்கு எடுத்துச் சென்றனர். மக்களின் பங்களிப்பையும் சுகாதாரப் பணியாளரின் கூட்டு உழைப்பையும் அல்மா ஆட்டா பிரகடனம் 1978இல் உலகுக்கு வலியுறுத்தியது. அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னரே நம் கிராமங்களில் அதற்கு வித்திடப்பட்டது.

1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்மணியும் அவரே. சட்ட நுணுக்கம் ஒன்றால் விரைவிலேயே அப்பதவி பறிபோயிற்று, பணி நிற்கவில்லை. எண்பதாவது வயதில், எதிர்ப்புகளுக்கிடையே, குடும்பத் திட்டமிடற் சங்கம் உருவாக உழைத்தார். 1958இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962இல் இம்மண்ணிலேயே மறைந்தார்.

மறுக்கப்பட்ட ஒரு பதவியிலிருந்து தொடங்கிய வாழ்வு இது. வெள்ளை அங்கி அணியவிருக்கும் நம் தங்கையர், பக்கத்தில் நிற்கும் தாதியையும் எதிரில் அமர்ந்திருக்கும் தாயையும் உடன் உழைப்பவராக மதிப்பார்களாயின், அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் அஞ்சலியாகும்.