பெங்களூர் நாகரத்தினம்மாள்

ஓசூர்ச் சாலை வழியே எல்லை கடந்து அத்திபெலேயில் குடியேறியவர்கள் நாம். நமக்கு எதிர்த்திசையில், கன்னட நாட்டிலிருந்து தமிழகம் சென்று அரும்பணி ஆற்றிய அம்மையார் ஒருவரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

நஞ்சன்கூட்டில் 1878-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர் நாகரத்தினம்மாள். இசை, நடனம், வடமொழி ஆகியவற்றைக் கற்றுத் தேர்ந்து, பின்னர்ச் சென்னையில் குடியேறிக் கச்சேரிகளால் பெரும்பொருள் ஈட்டினார். முத்துப்பழனி என்னும் பெண்பாற் புலவர் தெலுங்கில் இயற்றிய இராதிகா சாந்த்வனத்தை 1910-இல் பதிப்பித்தார். அந்நூலை அரசினர் தடை செய்தனர். 1947-இல்தான் தடை நீங்கிற்று.

1847-இல் மறைந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதி திருவையாற்றில் காவிரிக் கரையில் பேணுவாரற்றுக் கிடந்தது. அம்மையார் தம் பொருளைச் செலவிட்டு நிலம் வாங்கிக் கோயில் எழுப்பினார். குடமுழுக்கும் நிகழ்ந்தது. ஆயினும் என்ன? ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை! கோயில் எடுத்தவருக்கே வாய்ப்பூட்டு. அவர் மனந்தளரவில்லை, 1927-இல் பெண்களைத் திரட்டிக் கோயிலின் பின்புறம் தனியே ஆராதனை தொடங்கினார். 1940-ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றுபட்டன. பெண்களும் உடன்பாடும் உரிமை பெற்றனர். 1952 மே 19-இல் அம்மையார் மறைந்தார். சுவாமிகளின் சந்நிதியை நோக்கியே அவரது சிலை அமைந்திருக்கின்றது.

இன்று அங்கு ஆடவரும் பெண்டிரும் சேர்ந்து பாடும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளே, கருநாடக இசையைப் புதிதாகக் கேட்பவர்க்கு நல்ல நுழைவாயில். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து இராகங்கள். தாளமோ அனைத்திற்கும் ஆதி ஒன்றே. ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பின்பு தட்டும் வீச்சுமாக இருமுறை; ஆக எட்டு. கையால் தாளமிட்டுக் கொண்டே கேளுங்கள். சரணங்களில் முதலில் ஸ்வரங்களைப் பாடி, அதே மெட்டில் சொற்களைப் பாடுவர். இரண்டும் ஒன்றே என்று செவி உணரும்போது இராகத்தின் வடிவம் தானே புலப்படும். மொழி தெரியவில்லையே என்ற தயக்கம் வேண்டுவதில்லை.

கன்னட நாட்டில் பிறந்தவர் தமிழ் மண்ணில், தெலுங்குப் பாடல்கள் தந்த மகானுக்குக் கோயில் எடுத்தார். இசைக்கு எல்லைச் சாவடி ஏது? நம் இல்லத்துப் பெண்மக்கள் பாட அமரும்போது, அவ்வுரிமையை வென்றளித்த இவ்வம்மையாரின் பெயரையும் அவர்களுக்குச் சொல்லி வைப்போமாக.