பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்த டாக்டர்



உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதன் துணி அலசிய தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்? பால் குடிக்கிற பிள்ளையின் மலத்தில் கிருமி இருக்காது என்று பலர் நம்புகிறோம். டாக்டர் ஜான் ஸ்நோவின் கதையைப் படித்தால் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும்.

1813இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒரு கூலித் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார் ஸ்நோ. 14 வயதில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பின்னாளில் விக்டோரியா ராணியின் பிரசவத்துக்கே குளோரோஃபார்ம் கொடுத்த மயக்க மருந்து நிபுணர். காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று பெரும்பாலான டாக்டர்கள் சொல்ல, இவர் குடிதண்ணீரைச் சந்தேகித்தார். பலர் காதில் வாங்கவில்லை.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்நோ வீடு வீடாகப் போய் எங்கே தண்ணீர் பிடித்தீர்கள் என்று கேட்டார். பெரும்பாலும் பிராட் தெரு அடிபம்பு. தெளிவான, ருசியான தண்ணீர் என்று தூரத்திலிருந்தும் வந்து பிடித்த பம்பு அது! பக்கத்திலேயே இருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்கள் பீர் குடித்தே தாகம் தீர்த்ததால் தப்பினார்கள். (இதை யாரும் சாக்காக வைத்துக்கொள்ள வேண்டாம்.) வட்டார நிர்வாகக் குழு, நம் கமிட்டி மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன், அரை மனதோடு சம்மதித்து செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றியது. பலர் ஊரைவிட்டே ஓடியிருந்ததால் நோய் அதற்குள் தணியத் தொடங்கியிருந்தது.

தண்ணீர் எப்படிக் கெட்டது? ஸ்நோ சொல்வது தவறு என்று காட்டக் கிளம்பிய ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார்தான் அதைக் கண்டுபிடித்தார். பம்பை ஒட்டிய 40ஆம் எண் வீட்டில் 5 மாதக் குழந்தைக்கு முதலில் வயிற்றுப்போக்கு வந்திருக்கிறது. தாய் துணிகளை வாளியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வீட்டின் கழிவுக் குழியில் ஊற்றினாள். குழியின் செங்கல் சுவர் உளுத்துப்போயிருந்தது. அங்கிருந்து கிணற்றுக்கு 3 அடி கூட இல்லை.

அவளைக் குறை சொல்ல முடியாது. கிணற்றையும் குழியையும் அருகருகே கட்டியது அவளல்ல. குழந்தை பிழைக்கவில்லை. கைப்பிடி கழற்றிய அதே நாளில் குழந்தையின் தந்தையும் படுத்தார். மீண்டும் அதே குழிக்கு அதே வாளிகள் போயின. அன்று கைப்பிடி இருந்திருந்தால்?

நம் சம்ப்புக்கும் டிரெயினேஜ் சேம்பருக்கும் நடுவே எத்தனை அடி இருக்கிறது, சம்ப்பின் சுவரில் விரிசல் உண்டா என்று அடுத்த முறை சுத்தம் செய்யும்போது எட்டிப் பாருங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கக் கொதித்து ஆறிய நீரையே எடுங்கள். டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நோய் அடங்கியதும் கைப்பிடியை மறுபடி மாட்டிவிட்டார்கள். ஸ்நோ 1858இல், 45 வயதில் காலமானார். காலராக் கிருமி தண்ணீரில் பரவுவதை ராபர்ட் காக் நம் கல்கத்தாவுக்கு வந்து உறுதிப்படுத்தியது 1884இல்தான்.