காத்திருக்கக் கற்றுத் தந்த கணிப்பொறி மேதை

(இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல், மூன்றாம் ஆண்டு)

விரைந்து ஓடுபவனும் மெல்ல நடப்பவனும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய நேர்ந்தால், யார் யாருக்காகக் காத்திருப்பது? கணிப்பொறி உலகில் இக்கேள்வி எழுந்தபோது அதற்குத் தெளிவான விடை கண்ட அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மிகக் குறுகிய வழியைக் காணும் அவருடைய முறையை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் கணிப்பொறி தன் கருவிகளுக்குச் செய்தி எழுதும் முறையை அவர் எவ்வாறு ஒழுங்குபடுத்தினார் என்பதைப் படித்தபோதுதான் அவருடைய உண்மையான பெருமையை நான் உணர்ந்தேன். அதனையே இங்கு எழுத விழைகிறேன்.

டைக்ஸ்ட்ரா 1930ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் நெதர்லாந்து நாட்டின் ரோட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை வேதியியலார், தாய் கணிதம் கற்றவர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றுகொண்டிருந்த அவர், 1951இல் கேம்பிரிட்ஜில் நடந்த கோடைப் பயிற்சி வகுப்பில் நிரல் எழுதக் கற்றார். அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் பணியில் சேர்ந்தார்.

நிரல் எழுதுவது ஒரு தொழிலாகுமா, அதற்கென அறிவுத்துறை ஒன்று உண்டா என்ற ஐயம் அவரை வாட்டியது. அத்துறையை உருவாக்குபவர்களில் ஒருவராக அவரே இருக்கலாமே என்று மையத்தின் மூத்த அறிஞர் வான் வெய்ன்கார்டன் எடுத்துரைக்க, இளைஞர் மனம் தேறினார். ஆயினும் 1957இல் அவர் திருமணப் பதிவின்போது நிரலர் என்ற தொழிலை அலுவலர்கள் ஏற்கவில்லை. இயற்பியலார் என்றே எழுத வேண்டியதாயிற்று!

அக்காலக் கணிப்பொறி துளைநாடாக் கருவிக்கு ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு, முடிந்ததா, முடிந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். இந்த வீண்பொழுதைத் தவிர்க்க, லூப்ஸ்ட்ரா, ஸ்கோல்டன் என்னும் பொறியாளர்கள் தாங்கள் வடிவமைத்த எக்ஸ்-1 கணிப்பொறியில் 'குறுக்கீடு' என்னும் வசதியை வைக்க முன்வந்தனர். கருவி தன் வேலை முடிந்ததும் தானே குரல் கொடுக்கும். அதுவரை கணிப்பொறி வேறு வேலை பார்க்கலாம்.

குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுக் காய் நறுக்கும் தாயை நினைத்துப் பாருங்கள். விசில் வந்தால் எழுந்து போவார். ஆனால் உப்பை எண்ணிப் போடும்போது விசில் அடித்தால்? எத்தனை கரண்டி போட்டோம் என்பதை மறவாமல் திரும்பி வரவேண்டும். மறந்தால் குழம்பு கெடும். அதுவும் எல்லா நாளும் கெடாது. விசிலும் உப்பும் ஒன்றாக நேர்ந்த அன்று மட்டுமே கெடும்!

டைக்ஸ்ட்ரா அஞ்சியது இதற்குத்தான். எந்த நொடியில் வரும் என்று தெரியாத குறுக்கீட்டால் விளையும் பிழை இன்று தோன்றும், நாளை மறையும். திரும்ப வரவழைக்க இயலாத பிழையை எவ்வாறு தேடித் திருத்துவது? ஆகவே அவ்வசதியை ஏற்பதற்கே அவர் சில மாதங்கள் தயங்கினார். பின்னர் அதைக் கையாளும் நிரலை நுணுகி நுணுகி எழுதினார். எந்த இடத்தில் தடைபட்டாலும் பழைய நிலை பழுதின்றி மீளும்வகையில் அதை அமைத்தார். 1959இல் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேடும் இதைப் பற்றியதே.

1962இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கு எக்ஸ்-8 கணிப்பொறிக்காகச் சிறு குழுவுடன் ஓர் இயக்க அமைப்பை உருவாக்கினார். அக்கணிப்பொறியின் நினைவகச் சுழற்சிக்கு ஆன நேரம் 2.5 மைக்ரோ நொடி. துளைநாடாக் கருவியோ நொடிக்கு 150 எழுத்துகளையே பொறிக்கும். நான் கணக்கிட்டுப் பார்த்தேன்: கருவி ஓர் எழுத்தைப் பொறிப்பதற்குள் நினைவகத்தை இரண்டாயிரத்து அறுநூறு முறைக்கு மேல் தொட்டு வந்துவிடலாம். எத்துணை ஏற்றத்தாழ்வு!

இவ்விரண்டுக்கும் இடையே அவர் ஓர் 'இடைத்தாங்கி'யை வைத்தார். நம் விடுதி உணவறையில் தோசை வார்ப்பவர் தட்டில் அடுக்குகிறார். பரிமாறுபவர் அதிலிருந்து எடுக்கிறார். தட்டு நிரம்பினால் வார்ப்பவர் நிறுத்தவேண்டும். காலியானால் பரிமாறுபவர் பொறுக்கவேண்டும். மற்ற வேளைகளில் ஒருவருக்காக மற்றவர் நிற்கத் தேவையில்லை. நிற்பதற்கும் புறப்படுவதற்கும் அடையாளமாக டைக்ஸ்ட்ரா அமைத்ததே செமஃபோர். புகைவண்டிப் பாதையின் கைகாட்டியிலிருந்து வந்த பெயர் இது. காலி இடம் எத்தனை, நிரம்பிய இடம் எத்தனை என்று இரு கைகாட்டிகள் எண்ணிக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் இருவர் தட்டில் கைவைக்காதபடி மூன்றாவது கைகாட்டி காக்கும்.

முழு அமைப்பையும் அவர் அடுக்கடுக்காகக் கட்டினார். அடித்தளம் செயலியைப் பங்கிடும். அதன்மேல் நினைவக மேலாண்மை. அதன்மேல் இயக்குநருடன் உரையாடல். அதற்கும் மேலே கருவிகளுக்கான இடைத்தாங்கிகள். பிறகே பயனர் நிரல்கள். கீழடுக்கு சரியென நிறுவிய பிறகே மேலடுக்கு எழுந்தது. சோதனையில் வெளிப்பட்டவை சுமார் 500 கட்டளைக்கு ஒன்று என்ற அளவிலான எளிய எழுத்துப் பிழைகள் மட்டுமே என்றும், அவற்றை எளிதில் திருத்த முடிந்தது என்றும் அவர் 1968இல் வெளிவந்த கட்டுரையில் தெரிவித்தார். இளமையில் அஞ்சிய அந்த மாயப்பிழைக்கு இடமே வைக்கவில்லை.

இது பழங்கதையன்று. இன்று லினக்ஸின் கருவாகிய கெர்னலும் நாம் எழுதும் கோப்பை உடனே வட்டில் எழுதுவதில்லை. நினைவகத்தில் சேர்த்துவைத்துப் பிறகு மொத்தமாக அனுப்புகிறது. நான் ஒரு சிறு நிரல் எழுதிப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் கெர்னலைத் தனித்தனியே அழைத்தபோது அது ஊர்ந்தது. 4096 எழுத்துகளைச் சேர்த்து ஒரே அழைப்பில் கொடுத்தபோது பறந்தது. விரைவு எங்கிருந்து வருகிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் இவ்விரைவுக்கு ஒரு விலையும் உண்டு. படியெடுத்தல் முடிந்தது என்று திரை சொல்லும் வேளையிலும் பென் டிரைவுக்குச் செல்லவேண்டியவை நினைவகத்தில் காத்திருக்கக்கூடும். முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கினால் ஓராண்டு உழைத்த திட்டப்பணியும் நொடியில் பாழாகலாம். விரைவைக் கூட்டுவது பாதி வேலை. என்ன நேரினும் எழுதியது கெடாது என்று உறுதி செய்வது மறுபாதி. டைக்ஸ்ட்ரா இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

1972இல் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருது அவரைத் தேடி வந்தது. 1984 முதல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். எண்ணிட்டு அவர் எழுதிய குறிப்புகள் 1300க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பகுதியை மைப்பேனாவால் அழகுற எழுதினார். 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் தாய்நாட்டின் நூனன் ஊரில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! ஓடிப் பார்ப்போம், தவறினால் திருத்துவோம் என்று நாம் நிரல் எழுதுகிறோம். எழுதுமுன் அஞ்சுவதும், அஞ்சியதை ஆராய்வதும், ஆராய்ந்து தெளிந்தபின் துணிவதும் இழுக்கல்ல என்பதை அப்பெருமகனின் வாழ்வு காட்டுகிறது. சில மாதத் தயக்கம் ஒரு துறைக்கே அடித்தளமாயிற்று. அடுத்தமுறை ஆய்வகத்தில் விசைப்பலகையைத் தொடுமுன் ஒரு தாளும் பேனாவும் எடுப்போமாக!