தீனபந்து ஆண்ட்ரூஸ்

கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள கரியா வழியாகச் செல்வோர் அங்கு ஒரு கல்லூரியின் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பர். தீனபந்து ஆண்ட்ரூஸ் கல்லூரி என்பது அதன் பெயர். தில்லியில் ஆண்ட்ரூஸ் கஞ்ச் என்று ஒரு குடியிருப்பே உண்டு. அங்கே ஒரு கேந்திரிய வித்யாலயமும் இருக்கிறது. தீனபந்து என்னும் சொல்லுக்கு எளியோரின் உறவினர் என்பது பொருள். ஓர் ஆங்கிலேயருக்கு இப்பெயரைச் சூட்டியவர்கள் அரசர்களோ அறிஞர்களோ அல்லர். கடல் கடந்து பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த நம் நாட்டுத் தொழிலாளர்களே. அவர்களுள் தமிழர் பலர் இருந்தனர்.

சார்லஸ் ஃபிரியர் ஆண்ட்ரூஸ் 1871 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12 ஆம் நாள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த குடும்பம் அது. அவர் சிறுவராக இருந்தபோது, தந்தையார் பெரிதும் நம்பிய நண்பர் ஒருவர் குடும்பத்தின் பணத்தைக் கையாடி இழந்துவிட்டார். வசதியாக வாழ்ந்தவர்கள் திடீரென்று வறுமையில் வீழ்ந்தனர். ஆயினும் தந்தையார் வீட்டு வழிபாட்டின்போது அந்த நண்பரைப் பழிக்கவில்லை. அவருக்காகவே இறைவனை வேண்டினார். அருகில் மண்டியிட்டிருந்த சிறுவரின் நெஞ்சில் அக்காட்சி ஆழப் பதிந்தது.

கேம்பிரிட்ஜில் பயின்ற ஆண்ட்ரூஸ் 1897 இல் கிறித்தவக் குருவானார். லண்டன் நகரின் ஏழை மக்களிடையே சில காலம் தொண்டாற்றினார். அவருடைய ஆருயிர் நண்பர் பேசில் வெஸ்ட்காட் என்பவர் சமயப்பணிக்காகத் தில்லி சென்றிருந்தார். 1900 இல் அந்த இளைஞரைக் காலரா கொண்டுபோயிற்று. நண்பர் விட்டுச் சென்ற பணியைத் தாம் தொடர வேண்டும் என்று ஆண்ட்ரூஸ் விரும்பினார். 1904 மார்ச் 20 ஆம் நாள் தில்லியை அடைந்து, செயின்ட் ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியரானார்.

அங்கே சுசீல் குமார் ருத்ரா என்னும் வங்காளப் பெருமகனார் துணை முதல்வராக இருந்தார். இந்தியரின் உள்ளம் எத்தகையது என்பதை ஆண்ட்ரூஸ் அவரிடமிருந்தே கற்றார். 1906 இல் முதல்வர் பதவி காலியாயிற்று. இந்தியர் ஒருவரின் கீழ் ஆங்கிலேயர் பணியாற்றுவதா என்று பலர் தயங்கிய காலம் அது. ருத்ராவையே முதல்வராக்க வேண்டும், இல்லையேல் தாம் பணியிலிருந்து விலகுவதாக ஆண்ட்ரூஸ் உறுதிபடக் கூறினார். அவர் எண்ணியவாறே நடந்தது. பழைய தில்லியில் வாழ்ந்த முதிய அறிஞர் ஜகாவுல்லாவும் அவருக்கு நண்பரானார். தந்தையை நாடிச் செல்லும் மகனைப் போல ஆண்ட்ரூஸ் அவர் இல்லத்திற்குச் சென்று வருவார். பிறருக்குச் சமயம் போதிக்க வந்தவர் ஓர் இஸ்லாமியப் பெரியவரின் காலடியில் அமர்ந்து பாடம் கேட்டது வியப்புக்குரியதே. ஜகாவுல்லா 1910 இல் மறைந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் 1929 இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆண்ட்ரூஸ் நூலாக வெளியிட்டார்.

1912 இல் லண்டனில் ஒரு மாலைப் பொழுதில் ரவீந்திரநாத் தாகூரின் கீதாஞ்சலிப் பாடல்கள் படிக்கப்பட்டபோது ஆண்ட்ரூஸ் உடனிருந்தார். தாகூரின் நட்பு அங்கே தொடங்கிற்று. 1914 சனவரியில் தென்னாப்பிரிக்கா சென்றார். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்ற போராட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. டர்பன் துறைமுகத்தில் காந்தியடிகளைக் கண்டவுடன் ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் இவ்வாறு செய்யலாமா என்று அங்கிருந்த வெள்ளையர் சினந்தனர். சில நாள்களிலேயே அவர்தம் அன்னையார் இங்கிலாந்தில் மறைந்த செய்தி வந்தது. அத்துயரில் அவருக்கு ஆறுதலாக இருந்தவர்கள் காந்தியடிகளும் கஸ்தூரிபாவுமே.

பத்தாண்டுகள் பணியாற்றிய தில்லி மிஷனை அவ்வாண்டே துறந்து, தாகூரின் சாந்திநிகேதனுக்கு வந்து சேர்ந்தார். பதவி போயிற்று, நிலையான வருவாய் போயிற்று, தம் நாட்டவர் சிலரின் மதிப்பும் போயிற்று. பொறுப்பைத் துறந்து வெளியேறியவர் அதே இடத்திற்குத் திரும்பிச் செல்வது எளிதன்று. பழகியவர்கள் முகம் கொடுப்பார்களோ என்னும் ஐயம் எவருக்கும் எழும். ஆனால் காஷ்மீரி கேட் பகுதியில் இருந்த ருத்ராவின் இல்லம் ஆண்ட்ரூஸுக்கு ஒருநாளும் கதவடைக்கவில்லை. தில்லிக்கு வரும்போதெல்லாம் அவர் அங்கே உரிமையோடு தங்கினார். நட்பைப் பற்றிப் பாடிய வள்ளுவர், நெடுநாள் நண்பரின் உரிமையைப் பற்றிக் கூறப் 'பழைமை' என்று தனியாகவே ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரத்திற்கு இவ்விருவர் வாழ்வையே உரையாக எழுதலாம். 1915 இல் காந்தியடிகள் தில்லி வந்தபோது தங்கியதும் ருத்ராவின் வீட்டிலேதான். ஒரு நண்பரின் வீடு மற்றொரு நண்பருக்கும் வீடாயிற்று. 1924 இல் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகக் காந்தியடிகள் தில்லியில் 21 நாள் உண்ணாநோன்பு மேற்கொண்டபோது, அருகிருந்து பேணியவர்களுள் ஆண்ட்ரூஸ் ஒருவர். மறு ஆண்டே ருத்ரா மறைந்தார்.

பிஜிக்கும் அவர் திரும்பத் திரும்பச் சென்றார். 1879 இல் நம் ஹூக்ளி ஆற்றிலிருந்துதான் பிஜிக்கு முதல் கப்பல் தொழிலாளரை ஏற்றிச் சென்றது; 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பிணைக்கப்பட்டுச் சென்றனர். பத்தடி நீளமும் ஏழடி அகலமும் கொண்ட ஓர் அறையே ஒரு குடும்பத்தின் உறைவிடம். அங்கு வாடிய பெண்களை எண்ணியே பாரதியார் கரும்புத் தோட்டத்தைப் பற்றிப் பாடினார். 1915 இல் ஆண்ட்ரூஸுக்கும் காலரா கண்டது. தாகூர் அருகிருந்து கவனிக்கப் பிழைத்தெழுந்தவர், அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே பியர்சன் என்னும் நண்பருடன் பிஜிக்குக் கப்பலேறினார். கண்ட கொடுமைகளை அறிக்கையாக எழுதினார். கொடுமை உடனே நீங்காதது கண்டு 1917 இல் தனியாகவே மீண்டும் சென்றார். 1920 சனவரி முதல் நாள், எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன.

பின்னர் 1936 இல், தம் 65 ஆம் வயதில், அவர் பிஜிக்குச் சென்றது பழகிய மக்களைக் காண்பதற்காகவும்தான். ஒப்பந்தக் கூலிகள் என்று எவரும் அப்போது இல்லை. குத்தகை நிலத்தில் தாமே கரும்பு பயிரிடும் குடும்பங்கள் இருந்தன. தென்னிந்தியர் 1926 இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்திருந்தனர். எனினும் ஆண்ட்ரூஸ் மகிழ்ந்து, விருந்துண்டு திரும்பிவிடவில்லை. குத்தகைக் காலம் முடிந்தபின் இவர்கள் எங்கே போவார்கள் என்னும் கவலை அவரைப் பற்றிக்கொண்டது. மறு ஆண்டு வெளியிட்ட நூலில் பிஜி இந்தியரின் நிலையை விரிவாக எழுதினார்.

1940 இன் தொடக்கத்தில் அவர் நோயுற்றுக் கொல்கத்தாவின் பிரெசிடென்சி பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இன்று எஸ்.எஸ்.கே.எம். என வழங்கும் மருத்துவமனை அதுவே. வாழ்நாள் முழுதும் நண்பர்களைத் தேடிச் சென்றவரை இப்போது நண்பர்கள் தேடி வந்தனர். பிப்ரவரியில் சாந்திநிகேதன் வந்திருந்த காந்தியடிகள் மருத்துவமனைக்கே வந்து அவரைக் கண்டார். உலகம் மகாத்மா என்று போற்றியவரை மோகன் என்று அழைத்தவர் ஆண்ட்ரூஸ். அவரைச் சார்லி என்று அழைத்தவர் காந்தியடிகள். அதன்பின் அவர்கள் சந்திக்கவில்லை. ஏப்ரல் 5 ஆம் நாள் ஆண்ட்ரூஸ் இந்நகரிலேயே உயிர் நீத்தார். கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் துயிலும் லோயர் சர்க்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். சாந்திநிகேதனில் முதுமையால் தளர்ந்திருந்த தாகூர் வழிபாட்டு மண்டபத்தில் அவருக்காக அஞ்சலி உரை ஆற்றினார். மறு ஆண்டு அவரும் மறைந்தார். ஆண்ட்ரூஸின் நினைவாகச் சாந்திநிகேதனுக்கு ஐந்து லட்சம் ரூபாய் திரட்ட வேண்டும் என்று முடிவு செய்திருந்தனர். தொகை சேரவில்லை. 1942 இல் காந்தியடிகள் தாமே பம்பாய்க்குச் சென்று, நண்பர் பெயரால் கையேந்தி, அதனை நிறைவு செய்தார்.